எல்லாத்துக்கும் வேண்டிய டவுன் ஹைஸ்கூல்

தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி டவுன் ஹைஸ்கூலில். ஞாயிற்றுக்கிழமை குரூப் 4 தேர்வா, அதுவும் அங்கேதான். சர்க்கரை உள்ளவர்கள் விடிகாலையில் கை வீசி நடப்பது அதன் மைதானத்தில், சனிக்கிழமை கிரிக்கெட்டும் அதே மைதானத்தில். விழிப்புணர்வுப் பேரணி என்றால் கலெக்டர் கொடியசைக்கும் இடம் பள்ளி வாசல், கூட்டம் சேர்க்க யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள். எல்லாத்துக்கும் தர்மபுரி டவுன்காரர்களுக்கு அரசுப் பள்ளி வேண்டும், பிள்ளையைச் சேர்ப்பதற்கு மட்டும் வேண்டாம்.

கொஞ்ச நாளாக அடுத்தடுத்து 'முன்னாள் மாணவர் சந்திப்பு' போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல் இது. ஒரே நிறத்தில் டி-சர்ட், ஃபிளெக்ஸ், மேளம், வயதான ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, காலில் விழுதல், மதியம் பிரியாணி. நானும் போகிறேன், நானும் சாப்பிடுகிறேன், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் மைக்கைப் பிடித்து "இந்தப் பள்ளி இல்லாவிட்டால் நான் இல்லை" என்று கண்கலங்குகிறவர்களில் எத்தனை பேருடைய பிள்ளையோ பேரப்பிள்ளையோ அரசுப் பள்ளியில் படிக்கிறது? கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள். நான் படித்தது எந்தப் பள்ளி என்று எழுதவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் டவுன் ஹைஸ்கூலுக்கும் இந்தக் கதை பொருந்தும்.

கொஞ்சம் பழைய கதை பேசலாம். 1792 முதல் 1799 வரை இந்தப் பாரமகால் சீமையில் வரி வசூல் வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் குடியிருந்தவர். பிறகு சென்னை மாகாண கவர்னர் ஆனதும், 1822இல் ஒவ்வொரு கலெக்டரையும் உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கு கேட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள் என்று வந்தது. 1826இல் ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளி, தாலுகாவுக்கு ஒரு பள்ளி என்று திட்டம் எழுதினார். மறுவருஷமே காலரா அவரைக் கொண்டுபோனது, திட்டமும் நீடிக்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு நல்ல பள்ளியாவது சர்க்கார் செலவில் இருக்கணும் என்று நினைத்தவர் நம்ம ஊர் வெயிலில் அலைந்தவர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

நம் தாத்தா காலத்தில் இதற்கு 'போர்டு ஹைஸ்கூல்' என்று பெயர். அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் இருந்தது, பள்ளியை நடத்தியது ஜில்லா போர்டு. பென்னாகரம் பக்கத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்து, சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்துப் படித்தவர்களின் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் வந்த சின்ன ரயில்கூட 1941இல், யுத்த காலத்தில், நின்றுபோய்விட்டது. அதன்பிறகு மாட்டுவண்டி, இல்லாவிட்டால் நடை.

வயதுச் சான்று என்று எதுவும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒண்ணாங்கிளாஸ். பிறந்த தேதி வாத்தியார் போட்டதுதான். அதனால்தான் ஒரு தலைமுறையே மே, ஜூனில் பிறந்திருக்கிறது. எங்கப்பாவும் அதில் ஒருவர். அவர் உண்மையில் பிறந்தது மார்கழியில் என்று பாட்டி கடைசி வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். அவர் இந்தப் பக்கத்து ஆள், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். ஓசூர் அரசுப் பள்ளியில் படித்துத்தான் அத்தனை உயரத்துக்குப் போனார். அவர் கொண்டுவந்ததை 1954இல் காமராஜர் வந்து எடுத்தார். 1956இல் மதிய உணவு வந்தது. 1958 வாக்கில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஊர்க்காரர்களே நிலம், பெஞ்சு, கரும்பலகை, மணி, கடிகாரம் என்று அவரவர் சக்திக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவரின் பிள்ளையும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தது. இன்றைய நன்கொடைக்கும் அன்றையதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி தனி மாவட்டமானது. 1978இல் பிளஸ் டூ வந்தது. அதுவரை பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி.க்குக் காலேஜ் தேடிப் போகணும். பிளஸ் டூ வந்ததும் ஹைஸ்கூல் மேல்நிலைப்பள்ளி ஆனது. சுற்றுவட்டாரக் கிராமமெல்லாம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. ஃபர்ஸ்ட் குரூப், தேர்டு குரூப், தொழிற்பிரிவு என்று கிளாஸ் பெருகி, மரத்தடிகூட வகுப்பறையானது. ஊரில் ஆண்கள் பள்ளிக்கு அதியமான் பெயரும் பெண்கள் பள்ளிக்கு அவ்வையார் பெயரும் வைத்திருக்கிறார்கள். புறநானூற்றில் நெல்லிக்கனி கொடுத்தவனும் வாங்கிக்கொண்டவளும். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, ரசனைக்காரர்.

நாங்கள் படித்தது எண்பதுகளில். மதிய இடைவேளை மணி அடித்ததும் இரண்டு கூட்டமாகப் பிரிவோம். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு 1984இல் பதினைந்து வயது வரை நீண்டது, அதனால் எங்களில் பலர் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். மற்றவர்கள் டிபன் பாக்ஸ். பஸ்ஸில் வருகிறவன் பாக்ஸைத் திறந்தால் ராகிக் களி. காலையில் கிண்டி உருட்டி வைத்தது மத்தியானத்துக்கு இறுகிப்போயிருக்கும். நடுவில் குழி பறித்து, தூக்கின் மேல்தட்டிலிருந்து கீரைக் கடைசலையோ கொள்ளுச் சாற்றையோ ஊற்றி, விரலால் கிள்ளிக் கிள்ளி மெல்லாமல் விழுங்குவான். டவுன் பையன்களிடம் எலுமிச்சை சாதம். முதல் வாரம் களிக்காரன் மூடியால் மறைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான். ஆடிக்கு முன்னாடியே எலுமிச்சை சாதக்காரன் "டேய் மாத்திக்கலாமா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவன், உருது பேசுகிறவன் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். கெட்ட வார்த்தைகளை நாலு பாஷையிலும் கற்றது அங்கேதான். பாடத்தில் வராத பன்மொழிப் புலமை.

எங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை எடுத்துப் பார்த்தால், கிராமத்துப் பையன்களில் பாதிப்பேர் வாயை இறுக்கி மூடியிருப்பார்கள். கோபமெல்லாம் இல்லை. பல்லில் பழுப்புக் கோடு. கிணற்றிலும் போரிலும் ஃப்ளோரைடு, அதைக் குடித்து வளர்ந்த பல். போட்டோக்காரர் "சிரிங்கப்பா" என்றால் கையால் வாயைப் பொத்துவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்தது 2013இல். அதற்கு முன்னால் படித்த எத்தனை பிள்ளைகள் இப்படிச் சிரிப்பை அடக்கியே வளர்ந்தார்களோ.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு ஒரு பேட்ச் ஆர்.ஓ. மெஷின் வாங்கிக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கு மேல் செலவு, திறப்பு விழா, கிரானைட் கல்வெட்டில் வரிசையாகப் பெயர். நல்ல காரியம். ஆனால் ஃபில்டரை அவ்வப்போது மாற்றணுமே, அதற்கு யார் காசு? பள்ளிக்கு அந்தக் கணக்கில் நிதி இல்லை, கொடுத்தவர்கள் அடுத்த சந்திப்புக்கு ஏற்காடு போய்விட்டார்கள். இப்போது மெஷின் மேல் பிள்ளைகள் பையை வைக்கிறார்கள். கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

சரி, டவுன்காரர்கள் ஏன் போனார்கள்? தரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். 2011இல் சமச்சீர்க் கல்வி முழுதாக வந்துவிட்டது. சுப்ரீம் கோர்ட் வரை போய் வந்த வழக்கு அது. அதன்பிறகு மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் பாடம் ஒன்றுதான், பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளும் ஒன்றுதான். அப்படியிருந்தும் கூட்டம் மெட்ரிக் பக்கம்தான். ஆங்கிலம் வேண்டும் என்பது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். வேன் வாசலுக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் ஆசிரியர் காலியிடம், கழிவறை நிலைமை, இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. என் பிள்ளை யார் பக்கத்தில் உட்காருகிறான் என்பது. வருஷா வருஷம் கட்டும் ஃபீஸில் ஒரு பெரிய பங்கு அந்தப் பக்கத்து இடத்துக்கான கட்டணம் என்று நான் சொன்னால் என் நண்பர்களுக்கே கோபம் வருகிறது.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் சாதி போய்விடும் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. 2012 நவம்பரில் சாதி வெறியில் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. சாதிக்கு ஒரு நிறம் என்று கையில் கட்டும் கலர் கயிறு பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டதும் தெரியும். ஆனால் ஒன்று சொல்வேன். சேர்ந்து படித்தவனுக்கு மற்றவனின் வீடு தெரியும், அம்மா பெயர் தெரியும், அந்த வீட்டுக் களி ருசி தெரியும். அது போதாது, ஆனால் அதுவும் இல்லாமல் ஒரு தலைமுறை வளர்கிறது. காலனிப் பிள்ளைகள் ஒரு பள்ளி, தெருப் பிள்ளைகள் ஒரு வேன் என்று ஆறு வயதிலேயே பிரித்து அனுப்பிவிட்டு, கல்லூரி வயதில் சண்டை வரும்போது 'எங்கே தப்பு நடந்தது' என்று டிவியில் விவாதிக்கிறோம்.

2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. "பிளஸ் ஒன்னில் கொண்டுவந்து சேர்த்தால் போதுமா சார்?" என்று டவுன்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும் என்றதும் முகம் தொங்கிவிட்டது. இவர்கள்தான் வருஷம் முழுக்க "கவர்மென்ட் ஸ்கூலில் என்ன இருக்கு" என்றவர்கள். ஏழாம் வகுப்பை மலை விட்டு இறங்கி ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைக்குக் கிடைக்கிற சீட்டின் மேல் இவர்களுக்கு ஒரு கண்.

இப்போது டவுன் பள்ளியில் யார் படிக்கிறார்கள்? கொத்து வேலைக்கு பெங்களூரு போன அப்பா அம்மாவின் பிள்ளைகள், பாட்டி வீட்டில் இருப்பவர்கள். தினக்கூலி வீட்டுப் பிள்ளைகள். விடுதிப் பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்துக்கு வருவது பெரும்பாலும் பாட்டிதான். கையெழுத்துப் போடத் தெரிந்த பாட்டிகள் பேனாவை அழுத்திப் பிடித்து எழுத்து எழுத்தாகப் போடுவார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு தீர்மானத்தை வாசித்தால் "நீங்க பார்த்துச் செய்ங்க சாமி" என்பார்கள். எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் வேனில் போய்விட்டன. ஒரு பள்ளி மெலிவது இங்கேதான் தொடங்குகிறது. ஊரில் வாய் உள்ளவர்கள் வெளியேறியதும் அதற்காகப் பேச ஆள் இல்லாமல் போகிறது.

அதனால்தான் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி எழுதுகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் சொன்ன குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் குழுவைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்தார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? டி-சர்ட் சைஸ் கேட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நூறு மெசேஜ் வருகிறது, குழுவில் நம் பேட்ச்சிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று ஒரு மெசேஜ் வந்ததில்லை. பொன்னாடைக்கு ஆகும் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை. கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் வந்து பாட்டிகளோடு உட்காருங்கள். ரிடையர் ஆனவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம், வீட்டில் சீரியல்தானே ஓடுகிறது.

அங்கே பெரிய தத்துவமெல்லாம் பேச வேண்டாம். கழிவறை கழுவுகிறவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில், எவ்வளவு, நேரத்துக்கு வருகிறதா என்று கேளுங்கள். காலியாக இருக்கும் கணக்கு வாத்தியார் பணியிடத்துக்கு மனு எழுதுங்கள், எழுதியதைத் தொடர்ந்து கேளுங்கள். குழுத் தீர்மானம் ஒன்று கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்கும், மனுநாளில் பாட்டி ஒருத்தி தனியாக நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது ஆபீஸ் வேலை பார்த்த நமக்குத் தெரியாதா?

போன முறை கூட்டத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணின் பாட்டி சொன்னது பஸ் விஷயம். ஸ்பெஷல் கிளாஸ் முடிவது ஐந்தரை, அவர்கள் ஊர்ப் பஸ் புறப்படுவது ஐந்தேகால். அடுத்த பஸ் ஏழரைக்கு, இருட்டிவிடும். அதனால் பேத்தி ஸ்பெஷல் கிளாஸுக்கே நிற்பதில்லை. அந்த ரூட்டில் அப்படி இன்னும் பல பிள்ளைகள். ஐந்தேகால் பஸ்ஸை அரைமணி நேரம் தள்ளி எடுக்கணும், அவ்வளவுதான். நம் பேட்ச்சில் போக்குவரத்துத் துறையிலிருந்து ரிடையர் ஆனவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், போன சந்திப்பில் இரண்டு பேருமே மைக் பிடித்தீர்கள். வரும் வெள்ளிக்கிழமை வாங்க, மனுவை நான் எழுதி வைக்கிறேன், யாரைப் போய்ப் பார்க்கணும் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.