நீல் ஃபிராங்க்ளினுக்கு இழைக்கப்பட்ட அநியாயம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்து கால்பந்து அணி ஆடிய முதல் 27 பந்தயங்களிலும் நடுத் தடுப்பாட்டக்காரராக நின்றவர் ஸ்டோக் சிட்டியின் நீல் ஃபிராங்க்ளின். 1950 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பந்தயத்துக்குக்கூட அவரை அழைக்கவில்லை. காலில் அடியும் இல்லை, ஆட்டத்தில் சரிவும் இல்லை. உழைப்புக்கேற்ற ஊதியம் தேடி வெளிநாடு போனதுதான் அவர் செய்த குற்றம்.

அன்றைய விதியைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரருக்கும் சீசனில் வாரம் 12 பவுண்டு, கோடையில் 10 பவுண்டு, அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காமல் வேறு கிளப்புக்கு ஆட முடியாது. 1948-49 சீசனில் மட்டும் லீக் பந்தயங்களுக்கு 4 கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் வந்தார்கள். அந்த வசூலில் ஆடியவனுக்குக் கிடைத்தது 12 பவுண்டு.

கொலம்பிய லீக் அப்போது உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவுக்கு வெளியே இருந்தது, அதன் விதிகள் அங்கே செல்லாது. அதனால் கிளப்பின் அனுமதி இல்லாமலே 1950 மே மாதம் பொகோட்டாவின் சான்டா ஃபே அணிக்குப் போனார். அங்கே ஊரடங்கு, மனைவியோ கர்ப்பிணி. சில மாதங்களிலேயே திரும்பிவிட்டார். வந்தவருக்குத் தடை விதித்தார்கள். 1951 பிப்ரவரியில் ஸ்டோக் அவரை 22,000 பவுண்டுக்கு மேல் விலை வைத்து, இரண்டாம் டிவிஷனில் இருந்த ஹல் சிட்டிக்கு விற்றது. வாரம் 12 பவுண்டு போதாது என்றவர் பேராசைக்காரர் என்றால், அவரையே இந்த விலைக்கு விற்றவர்களை என்னவென்று சொல்வது?

அவர் போனதால்தான் 1950 உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் தோற்றோம் என்று இங்கிலாந்தில் சொல்பவர்கள் உண்டு. இதை நான் ஏற்கமாட்டேன். பிரேசிலில் ஆடிய மூன்று பந்தயங்களில் அந்த அணி வாங்கியது இரண்டே கோல்கள். அமெரிக்காவுக்கு எதிராகவும் ஸ்பெயினுக்கு எதிராகவும் கோல் அடிக்க முடியாமல் திணறியது முன்வரிசை. தடுப்பாட்டக்காரர் மீது பழி போடுவது எந்த வகை நியாயம்?

அவர் இல்லாத குறை தெரிந்தது 1953 நவம்பரில், லண்டன் வெம்பிளி மைதானத்தில், ஹங்கேரிக்கு எதிராக. ஹங்கேரியின் ஹிடெக்குட்டி, நடு முன்வரிசை ஆட்டக்காரருக்கு உரிய 9ஆம் எண் சட்டையோடு முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். பின்னாலேயே போவதா, இடத்திலேயே நிற்பதா என்று அன்று இங்கிலாந்தின் நடுத் தடுப்பாட்டக்காரராக நின்ற ஹாரி ஜான்ஸ்டனுக்குப் பிடிபடவில்லை. முதல் நிமிடத்திலேயே கோல். ஹிடெக்குட்டி மட்டும் மூன்று அடித்தார், ஹங்கேரி 6-3 என வென்றது. ஃபிராங்க்ளின், பந்து வந்ததும் கண்மூடித்தனமாக உதைத்துத் தள்ளுகிறவர் அல்ல. காலில் நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, சக ஆட்டக்காரரிடம் சேர்ப்பவர். எதிராளியின் நகர்வைப் படித்து ஆடியவர். அவர் இருந்தால் இங்கிலாந்து வென்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புதிருக்கு விடை தேடத் தகுதியான ஆள் அவர்தான். அன்று அவருக்கு வயது 31, ஹல் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைத் தண்டிப்பதாக நினைத்துத் தேர்வாளர்கள் தங்கள் அணியைத்தான் தண்டித்தார்கள்.

வீரர் சங்கத்தின் போராட்டத்தால் 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. அதே ஆண்டு ஃபுல்லம் அணியின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். அவர்தான் அப்போது இங்கிலாந்து அணியின் தலைவர். அந்தச் சம்பளத்துக்காக அவரை யாரும் அணியிலிருந்து நீக்கவில்லை.