பார்த்தது 9 நாள், காசு 30 நாளுக்கு

நேற்று ராத்திரி வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு பக்கம் வண்டியை ஓரம் கட்டினேன். காலையில்தான் அன்லோடு. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு டிவியைப் போட்டால், பேக் முடிந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யுங்கள் என்று திரையில் அறிவிப்பு நிற்கிறது. வந்த ஆத்திரத்தில் சோறே இறங்கவில்லை. இந்த ஒரு மாசத்தில் வண்டி டிவியை எத்தனை நாள் போட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். 9 நாள். மீதி 21 நாளும் டிஷ் சீட்டுக்குப் பின்னால் கோணிச்சாக்கில் சுற்றிக் கிடந்தது. காசு மட்டும் 30 நாளுக்கும் போய்விட்டது.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. கேரளாவில் இருந்தாலும் எங்கள் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். 12 சக்கர லாரி ஓட்டுகிறேன். கோதாவரிப் பக்கம் போய் ஜெயா அரிசி ஏற்றி வந்து பாலக்காடு, திருச்சூர், கொச்சி என்று இறக்குவது வேலை. ஒரு வழிக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். லோடுக்குக் காத்திருப்பு, இறக்கக் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு நடைக்கு எட்டு, பத்து நாள் ஆகிவிடும். மாசத்தில் 20 நாளுக்குக் குறையாமல் கேபின்தான் எனக்கு வீடு.

லாரிக்காரனுக்கு எதுக்குப்பா டிவி என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும்போது பார்த்துக்கொண்டே போய் எங்கேயாவது ஏற்றிவிடுவாய் என்றும் சொல்வார்கள். இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் டிவி இருப்பது பின்னால், படுக்கைக்கு எதிரே. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் கண்ணுக்கே படாது. வண்டியும் லோடுமாக 30 டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு ரோடு எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். வேலைக்குப் போய் வந்த எல்லாரும் செய்வதைத்தானே நானும் செய்கிறேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 8.30 மணி சீரியலை நானும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து பார்க்கிறோம். அவள் கொழிஞ்சாம்பாறையில், நான் நாயுடுப்பேட்டையிலோ ஆலத்தூரிலோ. போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிடுவோம். "ஏனுங்க, இவ இப்பவும் வாயத் தொறக்க மாட்டேங்கறா பாருங்க" என்பாள். இடையில் பையனின் பரீட்சை வரும், கேஸ் சிலிண்டர் வரும், அவளுடைய முட்டி வலி வரும். விளம்பரம் ஓடும்போதுதான் வீட்டு விஷயம் முழுக்கப் பேசி முடிப்போம். என் டிவியில் படம் நின்றுவிட்டால் அவள் கதை சொல்லத் தொடங்குவாள். கதை கேட்பது வேறு, சேர்ந்து பார்ப்பது வேறு. கல்யாணமாகி 17 வருஷத்தில் நாங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து டிவி பார்த்த நாள் ரொம்பக் குறைவு.

இதற்குத்தான் வீட்டுக்கு ஒரு கனெக்ஷன், வண்டிக்கு ஒரு கனெக்ஷன் என்று இரண்டு கட்டுகிறேன். 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதி கொண்டுவந்தது. வேண்டிய சேனலை மட்டும் எடுத்துக்கொள், அதற்கு மட்டும் காசு கொடு என்றார்கள். அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் சொச்சம், சேனல் விலை தனி என்று அப்போது கணக்கு வந்தது. சரி, சேனலை நான் தேர்ந்தெடுக்கலாம். எந்தெந்த நாள் என்பதை ஏன் தேர்ந்தெடுக்க முடியாது? டீசல் பிடித்த லிட்டருக்குத்தான் காசு. ஃபாஸ்டேக்கில் தாண்டிய சுங்கச்சாவடிக்குத்தான் கழிகிறது. டிவி மட்டும் சாக்குக்குள் கிடந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறதா? வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, நான் வண்டி ஓட்டும் நாளெல்லாம் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டேன். முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம், அதுவும் மாசக் கணக்கில்தானாம். எனக்கு நாளைக்கு எந்த ஊருக்கு லோடு என்று இன்றைக்குச் சாயங்காலம்தான் புக்கிங் ஆபீஸில் சொல்வார்கள். நான் எதை முன்கூட்டிச் சொல்வது?

ஃப்ரீ டிஷ் போட்டுக்கொள் என்றார் ஒரு நண்பர். தூர்தர்ஷனின் அந்தச் சேவை 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது, மாசக் காசு கிடையாது, நல்ல ஏற்பாடு. வாங்கியும் பார்த்தேன். சேனலைத் தள்ளத் தள்ள இந்திதான் அதிகம். பொதிகை, அதாவது இப்போதைய டிடி தமிழ் வருகிறது. என் வீட்டுக்காரி பார்க்கும் சீரியல் வரவில்லை. அது வராத டிவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பேக் இருக்கும் நாளிலாவது நிம்மதியாகப் பார்க்க முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. பழைய கிளட்ச் பிளேட்டில் ஒரு பைப்பை வெல்டு வைத்து அதில் டிஷ்ஷை மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் இறக்கி வைத்து, தென்கிழக்கே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கும் சாட்டிலைட்டைப் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் கிளீனர் பையன் உள்ளே இருந்து "வந்துருச்சுண்ணே" என்று கத்துவான். இப்போது பெரும்பாலும் தனி டிரைவர்தான், கிளீனருக்குக் கொடுக்க முதலாளியிடம் காசு இல்லை. நானே கீழே இறங்கி அரை விரல் திருப்பி, மேலே ஏறித் திரையைப் பார்த்து, மறுபடி இறங்கித் திருப்ப வேண்டும். பத்து தடவை ஏறி இறங்கினால் கால் கடுக்கிறது. கேரளாவில் வண்டி நிறுத்தும் இடமெல்லாம் பலா மரம், தென்னை மரம். ஒரு ஓலை குறுக்கே ஆடினால் போதும், படம் கட்டம் கட்டமாக உடையும். அரை மணி நேரம் போராடிப் பிடித்த பிறகு பக்கத்தில் ஒரு கண்டெய்னர் வந்து நிற்கும். அந்த டிரைவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் நிறுத்த இடம் வேண்டும்.

கரண்ட் கதை இன்னும் மோசம். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். டிவிக்கும் பாக்ஸுக்கும் 12 வோல்ட் போதும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தால் அது மட்டும் இறங்கிக்கொண்டே போகும், இன்னொன்று நிறைந்தே இருக்கும். கடைசியில் இரண்டும் கெட்டுவிடும். இது தெரியாமல் முதல் வருஷம் ஒயர் இழுத்துக் கொடுத்தவனை நம்பி இரண்டு பேட்டரியையும் மாற்றினேன். இருபதாயிரத்துக்கு மேல் போச்சு. அப்புறம்தான் 24 வோல்ட்டை 12 ஆக இறக்கித் தரும் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன்.

போனில் பார்க்கலாமே என்று சொல்பவர்களுக்கு 2024 ஜூன் 29 ராத்திரியைச் சொல்கிறேன். டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். ஆலத்தூர் பக்கம் நிறுத்தியிருந்தேன். தென்மேற்குப் பருவமழை நேரம். 30 பந்தில் 30 ரன் என்று அவர்கள் பக்கம் சாய்ந்து கிடந்தபோது படம் தெளிவாக வந்தது. அங்கிருந்து நம் ஆட்கள் இழுத்துப் பிடித்து, கடைசி ஓவரில் 16 ரன் என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹார்திக் பந்தைக் கையில் வாங்குகிறார், மழை சோவென்று கொட்டியது. டிஷ்ஷுக்கு அடைமழை ஆகாது, சிக்னல் அப்படியே செத்துவிட்டது. போனை எடுத்தால் அன்றைய ஒன்றரை ஜிபி காலி. ஆட்டம் போனுக்கு இலவசம்தான், அதை இழுத்துவரும் டேட்டாவை யார் தருவார்? டாப்-அப் போட்டேன். பணம் போனது, டேட்டா வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று ரோட்டுக்கு எதிர் வீட்டில் கூச்சல், முன்னால் நின்ற வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. மில்லர் அடித்ததை எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்த அந்தக் கேட்ச். நாடே மூச்சைப் பிடித்துப் பார்த்ததை நான் மழைச் சத்தத்துக்கு நடுவே ஹாரனில் கேட்டேன். 7 ரன்னில் ஜெயித்தோம். மறுநாள் டேட்டா ராத்திரி 12 மணிக்குப் புதுசாக வந்தது. ஆட்டம் முடிந்த பிறகு எனக்கு எதற்கு அது?

டேட்டாவும் இதே கணக்குதான். ராத்திரியும் ஓட்டத்திலேயே போகும் நாளில் டேட்டா தொடாமல் கிடக்கும். என் பேக்கில் அந்த மிச்சத்தை மறுநாளுக்குத் தர மாட்டார்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். பெட்ரோல் பங்குகளில் அப்னா கர் என்று டிரைவர்களுக்குக் கட்டிலும் குளியலறையும் வைக்கிறார்கள். மனசாரச் சொல்கிறேன், நல்ல காரியம். கேபினில் மனுஷன்தான் இருக்கிறான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதே நினைப்பு டிவி, டேட்டா விற்கிறவர்களுக்கும் வரக் கூடாதா? போட்ட நாளுக்கு மட்டும் கழியும் பேக் ஒன்று கொடுங்கள். நாளுக்குப் பத்து ரூபாய் என்றால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். வீட்டு கனெக்ஷனை வண்டியிலும் திறக்க விடுங்கள், நான் வீட்டில் இல்லாத நேரம்தானே வண்டியில் பார்க்கிறேன். லாரி நிறுத்தும் இடங்களில் மழை படாத கூரைக்கு அடியில் ஒரு பெரிய டிவி வையுங்கள், பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்போம்.

இன்று மத்தியானம் ரீசார்ஜ் போட்டுவிட்டேன். 8.30-க்கு அவள் கூப்பிடுவாளே, வேறு என்ன செய்வது? போட்ட பிறகும் முக்கால் மணி நேரம் பாக்ஸைத் திறந்தே வைத்திருந்துதான் சேனல் வந்தது. மறுபடி 30 நாள். விடியற்காலை 4 மணிக்கு வண்டி ஆந்திராவுக்குக் கிளம்புகிறது. அடுத்த மூன்று ராத்திரி ஓட்டம்தான். டிஷ்ஷைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, சாக்கில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.