மகள்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

ஓட்டத்தில் ஜெயித்து, குட்டிகளில் கோட்டைவிட்ட பந்தயக் குதிரைகள் என்று நேற்று வந்த அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். ‘ஓடும்போது ராஜா, பொலிகுதிரையாக (இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண்குதிரையாக) பூஜ்யம்’ என்று அமெரிக்கக் குதிரை செக்ரட்டேரியட்டை முதலிடத்தில் வைத்த அதே பட்டியல்தான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை.

1973, நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயம். ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, 31 லெங்த்தில், அதாவது 31 குதிரை நீள வித்தியாசத்தில், ஜெயித்தது. அந்த நேரத்தை அங்கே இன்றுவரை எந்தக் குதிரையும் தொடவில்லை. இதில் பட்டியல்காரருக்கும் சண்டை இல்லை, விடுங்கள்.

அந்த வருடம் பந்தயங்கள் தொடங்குமுன்பே அதைப் பொலிகுதிரையாக விட 60 லட்சம் டாலருக்கு மேல் விலைவைத்துப் பங்கு பிரித்திருந்தார்கள். போட்ட காசுக்கு அப்பனை உரித்துவைத்த மாதிரி ஒரு மகன் வேண்டும். வரவில்லை. 1976இல் 15 லட்சம் டாலருக்கு ஏலம் போன மகன் கனேடியன் பவுண்ட் ஒன்றும் கிழிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். 1988இல் ப்ரீக்னஸ், பெல்மான்ட் பந்தயங்கள் இரண்டையும் ஜெயித்த ரைசன் ஸ்டாரும் மகன்தான், அதை ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

ஆனால் மகள்கள்? 1986இல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை லேடீஸ் சீக்ரெட், மகள். டெர்லிங்குவா என்ற மகள் வயிற்றில் ஸ்டார்ம் கேட். வீக்எண்ட் சர்ப்ரைஸ் வயிற்றில் ஏ.பி. இண்டி. செக்ரட்டேம் வயிற்றில் கான் வெஸ்ட். இந்த மூன்று பேரன்களும் பேர்போன பொலிகுதிரைகள். ஸ்டார்ம் கேட்டிடம் ஒரு பெட்டையைச் சேர்க்க ஒருகாலத்தில் 5 லட்சம் டாலர். ஒரே வருடத்தில் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்து முக்கிரீடம் வென்ற அமெரிக்கன் ஃபேரோ, ஜஸ்டிஃபை இரண்டுமே ஸ்டார்ம் கேட் வழி வந்தவை. இதுதான் பூஜ்யமா?

‘ஏ.பி. இண்டிக்கு அப்பா சியாட்டில் ஸ்லூ மேடம், பெருமை அவருக்கு’ என்பீர்கள். ‘நல்ல நல்ல பெட்டைகளாகக் கொடுத்தார்கள், அதனால் நல்ல மகள்கள்’ என்பீர்கள். இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் மகன் தோற்றால் அப்பன் குற்றம், மகள் ஜெயித்தால் தாயின் தயவு, இது என்ன கணக்கு? செக்ரட்டேரியட்டின் அப்பா போல்ட் ரூலர். அதன் குட்டிகள் தூரம் தாங்காது என்று பேசினார்கள். இது ஒன்றரை மைல் தாங்கியதே, எப்படி என்றால் தாய்வழித் தாத்தா பிரின்ஸ்குவில்லோவைக் காட்டுகிறார்கள். அங்கே மட்டும் தாத்தா கண்ணுக்குத் தெரிகிறார்!

அப்பா கிண்டிக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். ரேஸ் புத்தகத்தில் குதிரை பெயருக்குக் கீழே தாயின் பெயரைப் பென்சிலால் அடிக்கோடிடுவார். நாங்கள் மூன்று பெண்கள். அவர் போன அன்று, வாசலில் பந்தல்கூடப் போட்டு முடியவில்லை, ‘கொள்ளி வைக்க ஒரு வாரிசு இல்லையே’ என்றார் ஒரு பெரியவர். நான் அவருக்குக் காபி நீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்கா மகன் வைத்தான். ‘நல்லவேளை, பேரனாவது இருந்தானே’ என்றார் அதே பெரியவர். அந்தப் பேரன் எங்கிருந்து வந்தானாம்?

குதிரைக்கும் குடும்பத்துக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று யாராவது வருவீர்கள். வாருங்கள்.

பட்டியலைத் திருத்தச் சொல்லிக் காலையில் எழுதினேன். ‘ஜாலிக்குப் போட்டது மேடம், சீரியஸா எடுத்துக்காதீங்க’ என்று பதில் வந்தது. பட்டியல் அப்படியேதான் இருக்கிறது.