மேசையில் சுற்றும் போன்

(வேலூர். மே மாத மதியம். செல்வியின் செல்போன் சர்வீஸ் கடை. ஆட்டோக்காரர் மாரி போனை மேசையில் வைக்க, அது நேராக உட்காராமல் தட்டாமாலை சுற்றுகிறது.)

மாரி: வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பாப்பா. பூரி மாதிரி உப்பிவிட்டது!

செல்வி: அழுத்தாதீர்கள் அண்ணா! பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. வண்டியில் இதை எங்கே வைப்பீர்கள்?

மாரி: முன் கண்ணாடியை ஒட்டி, ஸ்டாண்டில். மேப் ஓடிக்கொண்டே இருக்கும், சார்ஜரும் காலையிலிருந்து ராத்திரி வரை சொருகியே இருக்கும். நூறிலிருந்து இறங்கவே விட்டதில்லை!

செல்வி: லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. எந்நேரமும் நூறிலேயே நிற்பதும் ஆகாது. நீங்கள் இரண்டையும் சேர்த்து ஷேர் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறீர்கள்.

மாரி: நூறு இருந்தால் நல்லதுதானே?

செல்வி: நூறில் பேட்டரிக்குள் 4.2 வோல்ட், சில போனில் அதற்கு மேலும் நிற்கும். அதோடு வேலூர் வெயிலும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற திரவம் சிதைந்து வாயுவாகும்.

மாரி: அப்போ என் மச்சான் சொன்னதுதான் சரி. சைபர் வரை இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்.

செல்வி: அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம். இதற்கு 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் போதும்.

மாரி: நான் ரோட்டைப் பார்ப்பதா, சதவீதத்தைப் பார்ப்பதா?

செல்வி: செட்டிங்கில் போட்டுத் தருகிறேன், 80-ல் போனே நிறுத்திக்கொள்ளும். வெயில் படாத இடத்துக்கு ஸ்டாண்டை மட்டும் மாற்றுங்கள்.

மாரி: சூட்டைத் தணிக்க நானும் வழி செய்தேனே! போன வாரம் ரோஸ்மில்க் கடை ஐஸ்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தேன்.

செல்வி: (போனைத் திருப்பிப் பார்த்து) சார்ஜ் போடுகிற ஓட்டையில் இது என்ன ரோஸ் கலர் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன்! ஈரம் உள்ளே போகும், அண்ணா. உறைகிற குளிரில் சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாகப் படிந்து அதுவும் கெடும்.

மாரி: சரி, புதுசு போடு. எவ்வளவு நாள் வரும்?

செல்வி: நாள் கணக்கு மட்டும் இல்லை. சுமார் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும், முதலில் பிடித்ததில் 80 சதவீதம் பிடித்தால் நல்ல பேட்டரி. பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றினால் ஒரு முறை என்று கணக்கு.

மாரி: பழசைக் கொடு, ஸ்டெப்னியாக வைத்துக்கொள்கிறேன்.

செல்வி: ஐயோ! குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். இதை மின்கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மாரி: அப்போ பழசுக்கு எவ்வளவு கழிப்பாய்?

செல்வி: கழிப்பதா? ரோஸ்மில்க் துடைக்கிற கூலியைச் சேர்க்கப் போகிறேன்!