வெங்காயம் இல்லாத வாரத்துக்கு ஒரு தெம்பே குழம்பு

வெங்காயம், பூண்டு சேர்க்காமல் ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்த சவால் எனக்கு ரொம்பப் பிடித்தது. மலேசியாவின் பினாங்கில் எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க சைவம்தான். சனிக்கிழமைகளில் வெங்காயம், பூண்டும் கிடையாது. போன வருடம் இன்னொரு விதியும் சேர்த்தோம்: சனிக்கிழமைச் சமையலில் இங்குள்ள சௌரஸ்தா சந்தையில் வாங்கிய உள்ளூர்ப் பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும்.

அதில் எல்லாருக்கும் பிடித்தது தெம்பே வத்தக்குழம்புதான். தெம்பே என்பது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி. அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பு, மஞ்சள் தடவிப் பொன்னிறமாகப் பொரித்து வையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசலும் குழம்புப் பொடியும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் பிரிந்த பிறகு தெம்பேயைப் போட்டு ஐந்து நிமிடம் போதும். முன்கூட்டியே போட்டால் ஊறி நொதநொதவென்று ஆகிவிடும். மறுநாள் இன்னும் ருசி!

அப்புறம், ரசம் நுரை கட்டும்போது புங்கா கந்தான் (இஞ்சி வகைச் செடி ஒன்றின் மணமுள்ள பூ) மொட்டில் பாதியை மெல்லியதாக அரிந்து போட்டு இறக்கிப் பாருங்கள். அந்த மணத்துக்குப் பூண்டே தேவையில்லை.

ஒன்றே ஒன்று, கடையில் வாங்கும் சம்பல் (மிளகாய்) விழுதில் பெரும்பாலும் பெலாச்சான், அதாவது இறால் விழுது, இருக்கும். சைவக்காரர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.