சூத்திரம் மட்டும் போதாது

சராசரி, நிகழ்தகவு சூத்திரங்களைத் தினமும் எழுதிப் பார்த்தால் போதும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கணிதக் கட்டுரை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை. சூத்திரம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிகிறது. கேள்வியைத் திருப்பிக் கேட்டால்தான் திணறுகிறார்கள். ஐந்து தேர்வில் சராசரி 62, ஆறாவதில் எவ்வளவு எடுத்தால் சராசரி 65 ஆகும்? மொத்தம் 390 வேண்டும், கையில் இருப்பது 310, ஆக 80. இப்படி மொத்தத்துக்குப் போய்த் திரும்பி வரும் கணக்குகளைத்தான் நிறையக் கொடுக்க வேண்டும்.

கட்டுரை கிரிக்கெட்டை உதாரணம் காட்டியது சரி, ஆனால் பேட்டிங் சராசரியில் ஓட்டங்களை வகுப்பது ஆட்டமிழந்த தடவைகளால். ஐந்து இன்னிங்ஸில் 200 ஓட்டம், ஒருமுறை நாட் அவுட் என்றால் சராசரி 50, 40 அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

அப்புறம் நிகழ்தகவு. பையில் 3 சிவப்பு, 5 நீலப் பந்துகள். திருப்பிப் போடாமல் இரண்டு எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க 3/8 × 2/7, அதாவது 3/28. பாதிப் பேர் இரண்டாவது இடத்திலும் 3/8 என்றே எழுதுகிறார்கள். நிஜமாகவே பையில் கைவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், மிச்சம் ஏழுதான் என்பது கண்ணுக்கே தெரியும். வாய்ப்புகளைக் கிளை கிளையாக வரையும் மர வரைபடம் அதற்குப் பிறகு வரட்டும். ‘குறைந்தது ஒன்றாவது சிவப்பு’ என்றால் இரண்டும் நீலமாவதை 1-லிருந்து கழித்தால் போதும்: 9/14.

இங்குள்ள பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில், கணிதத்தின் முதல் தாளில் நிகழ்தகவுக்குச் சுமார் 15, இரண்டாம் தாளில் புள்ளியியலுக்குச் சுமார் 20 மதிப்பெண். அடுத்த பகுதியில் இந்த மாதிரிக் கணக்குகளையும் தயவுசெய்து சேருங்கள்.