மண்டோரை விட்டுவிட்டீர்களே

ராஜஸ்தானின் ஜோத்பூர் பற்றிய உங்கள் கட்டுரை, அந்நகர மன்னர்களின் நினைவிடம் என்றால் ஜஸ்வந்த் தாடா என்ற மண்டபம் மட்டும்தான் என்பதுபோல் முடிந்துவிட்டது. சரி, வெயில் ஊடுருவும் அந்த வெள்ளைப் பளிங்கு அழகுதான். ஆனால் அது 1895இல் மறைந்த இரண்டாம் ஜஸ்வந்த் சிங்குக்காக அவர் மகன் கட்டியது. மார்வார் (ஜோத்பூர் அரசின் பெயர்) மன்னர்களில் முந்தைய பலருக்கு, நகருக்கு வடக்கே பழைய தலைநகரான மண்டோரில்தான் நினைவிடங்கள் உள்ளன. செம்மணற்கல் தூண்கள், மேலே உயர்ந்த சிகரம் என்று பார்ப்பவர்கள் கோயில் என்றே நினைப்பார்கள். சத்ரி எனப்படும் வழக்கமான குடை வடிவ நினைவு மண்டபங்களிலிருந்து ரொம்பவே மாறுபட்டவை. அவற்றில் பெரியது 1724இல் கொல்லப்பட்ட அஜித் சிங்குடையது (கொன்றவர் சொந்த மகன், அது தனிக்கதை). அப்புறம், அங்கே குரங்குகள் அதிகம். கையில் தின்பண்டம் வேண்டாம்.